மண்டபத்தில் தூங்க வருபவர்கள் மாஸ்க்கையும் எடுத்து வாருங்கள்



தைப்பூசத் தொண்டுக்குப் பெயர் கொடுக்கும் வேலை ஆரம்பிச்சாச்சு. யார் தண்ணீர்ப் பந்தல், யார் அன்னதானம், யார் லோரி என்று வாட்ஸ்அப் குரூப் வழக்கம்போல சூடாக இருக்கிறது. பட்டியலைப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நாங்கள் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஆலயப் பக்கத்தில் இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எதுக்குன்னு புரியும்.

எங்கள் குழுவில் ஒரு லோரி அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம். "எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறோம். பத்துமலைக்கு அண்டா, அரிசி மூட்டை, கேஸ் தோம்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவது பல வருஷமாக அவர்தான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு எல்லோரும் ஆலய மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்போம். அண்ணன் படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பிக்கும். ஒரு வருஷம் எங்களில் ஒருவர் அதை ஃபோனில் பிடித்து குரூப்பில் போட்டுவிட்டார்.

அந்த வீடியோவில் குறட்டை திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் தண்ணிக்குள்ளே மூழ்கி எழுந்த ஆள் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. நாங்கள் அதிகமாகச் சிரித்தது அந்த இடத்தில்தான். அது அவருடைய மூச்சு நின்ற இடம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. குரூப்பில் இருந்த தாதியக்கா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வீடியோவ டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே" என்று ஒரே வரி போட்டார்.

அண்ணன் போய்க் காட்டினார். ராத்திரி தூக்கத்தைப் பரிசோதித்துப் பார்த்ததில், மணிக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. மணிக்கு 30 தடவைக்கு மேல் போனாலே கடுமையான நிலை என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நோய்க்குப் பெயர் ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகும் வழியை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் பிராண வாயு குறைகிறது. மூளை பதறிப்போய் ஆளைக் கொஞ்சம் எழுப்பி மூச்சு விட வைக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உடம்பு தூங்கவே இல்லை. பகலில் கண்ணைச் சொருகும். இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கும் கெடுதல்.

இதற்குச் சீபேப் என்ற இயந்திரம் இருக்கிறது. குழாய் வழியாக, மாஸ்க் வழியாக, மிதமான அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து அனுப்பித் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அண்ணன் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து ஒன்று வாங்கினார். நவராத்திரி நேரம் மண்டபத்தில் தங்கும்போது அதையும் கொண்டுவந்தார். மாஸ்க்கைப் போட்டு, நீளமான குழாயோடு அவர் படுத்ததைப் பார்த்ததும் எங்களில் ஒருவர், "டேய், பிள்ளையாரப்பா வந்துட்டாருடா!" என்றார். மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அப்புறம் அதை அவர் ஆலயத்துக்குக் கொண்டுவரவே இல்லை. கொஞ்ச நாளில் வீட்டிலும் அது அலமாரிக்குள் போய்விட்டது.

போன தைப்பூசம் முடிந்து, விடியற்காலையில் காலி அண்டாக்களோடு திரும்பி வரும்போது லோரி மெதுவாக இடது பக்கம் சாய்ந்து, நெடுஞ்சாலை ஓரத் தடுப்பை உரசிக்கொண்டே போய் நின்றது. பிரேக் போட்ட சத்தமே இல்லை. கூட இருந்த இரண்டு தம்பிகளும் கத்தியபிறகுதான் அண்ணன் கண்ணைத் திறந்தார். பக்கக் கண்ணாடி போனதோடு சரி. முருகன் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னோம், உண்மைதான். ஆனால் அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டுபோனதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லித்தானே ஆகணும்?

பிறகு உட்கார்ந்து பேசினோம். "ஏண்ணே மெஷினை விட்டீங்க?" என்று கேட்டோம். எங்கள் கிண்டல் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த மாஸ்க்.

அவருக்குக் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். நாற்காலியில் உட்கார வைத்து, காற்றே போடாமல் மாட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் படுத்துக் காற்றைத் திறந்ததும் ஓரமாகக் கசிந்து கண்ணில் அடித்திருக்கிறது. கசியுதே என்று வாரை இறுக்கினார். மூக்குத் தண்டில் புண். புண் ஆறட்டும் என்று இரண்டு நாள் கழற்றி வைத்தார். இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. "எனக்கு அந்த மெஷின் ஒத்துக்கல தம்பி" என்றார்.

எங்கள் கருத்து இதுதான். சீபேப் ஒத்துக்கலைன்னு சொல்கிறவர்களில் பலருக்கு ஒத்துக்காதது மாஸ்க்தான். செருப்பு கடிக்குதுன்னா வேறு செருப்பு பார்ப்போம், நடப்பதையே விடுவோமா? மாஸ்க் விஷயத்தில் மட்டும் முதல் கடியிலேயே விட்டுவிடுகிறோம்.

1981-இல் சிட்னியில் டாக்டர் கொலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்டபோது, அதுவும் மூக்கு வழியாகத்தான். அந்தக் காலத்து நோயாளிகள் மாஸ்க்கை ராத்திரி ராத்திரி மூக்கில் பசை போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் போட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் காலையில் தெளிந்த தலையோடு எழுந்தார்கள். இன்றைக்கு நமக்குக் கிடைப்பதோ மென்மையான சிலிக்கோன், விதவிதமான அளவுகள். தேடிப் பார்க்கத்தான் பொறுமை இல்லை.

அண்ணன் மறுபடி டாக்டரைப் பார்த்தார். தாதியக்காவும் கூடப் போனார். அவருக்கு எப்போதும் ஒரு பக்க மூக்கடைப்பு. அதனால்தான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் கொடுத்த மூக்கு மருந்தில் அது சரியானபிறகு, வாயை மூடும் மாஸ்க்கே தேவைப்படவில்லை. மூக்குக்கு மட்டும் என்று பார்த்தபோது, முதலில் மூக்குத் துவாரத்தில் உட்காரும் சின்ன வகையைப் போட்டார். பார்க்க லேசு, ஆனால் அவருடைய அழுத்தத்துக்குத் துவாரம் எரிந்தது. அடுத்து மூக்கை மட்டும் மூடும் மாஸ்க், நடு அளவு. மேலுதட்டுப் பக்கம் கசிந்தது. கடைசியில் அதே மாஸ்க்கில் ஒரு அளவு சின்னது. அதுதான் உட்கார்ந்தது. மூன்றாவது முயற்சியில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினார்.

அவர் பட்ட பாட்டிலிருந்தும், டாக்டரும் தாதியக்காவும் சொன்னதிலிருந்தும் சிலவற்றை இங்கே போடுகிறோம்.

• மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு, உங்களுக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்தில் காற்றை ஓடவிட்டுப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டிலும் புரளுங்கள். படுத்தால் முகத்தின் சதை நகரும், உட்கார்ந்து பார்த்த அளவு உதவாது.

• ஒரு கம்பெனியின் நடு அளவும் இன்னொரு கம்பெனியின் நடு அளவும் ஒன்றில்லை. பெரிசா இருந்தா வசதி என்று நினைக்காதீர்கள், பெரியதுதான் கசியும்.

• கசிந்தால் உடனே இறுக்காதீர்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, குஷனில் காற்று நிரம்பவிட்டு, மெதுவாக உட்கார வையுங்கள். வாருக்கு அடியில் விரல் போக வேண்டும்.

• வாங்கும் முன்பே, "பொருந்தலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். மாற்றித் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

• முதல் சில நாள், டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள்.

• சில மாஸ்க்கில் காந்தக் கொக்கி இருக்கும். உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தால், உடம்புக்குள் உலோகம் பொருத்தியிருந்தால், முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடையில் யாரும் சொல்லாத, நம்ம ஆட்களுக்கே உள்ள சங்கதிகளும் உண்டு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுத்தால் வார் வழுக்கும். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிக்கோன் பிடிக்காது, சீக்கிரம் கெட்டும் போகும். படுக்கும் முன் முகம் கழுவுங்கள், குஷனைத் தினமும் மிதமான சவர்க்காரத்தில் கழுவுங்கள். இரவில் திருநீறு பூசும் வழக்கம் உள்ளவர்கள், நெற்றியோடு நிறுத்தி மூக்குப் பக்கம் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மீசை இருந்தால் கீழ் ஓரம் கசியும். அண்ணன் தன் மீசையை ஓரம் கட்டிக்கொண்டார், முழுசா எடுக்கவில்லை, கவலைப்படாதீங்க. மூக்குத்தி போட்டிருக்கும் அக்காமார்கள் மூக்குத்தியோடு போட்டுப் பார்த்தே மாஸ்க் வாங்குங்கள். குஷன் ஓரம் அதன் மேல் உட்கார்ந்தால் கசியும், வலிக்கும். முக்கியமாக, மொட்டை போட்டால் வார்களை மறுபடி சரி பண்ணணும். முடி இருந்தபோது வைத்த அளவு மொட்டைத் தலையில் நிற்காது.

இன்னொன்று, விரதம். காவடி எடுப்பவர்கள் மெத்தை தலையணை இல்லாமல் தரையில் படுப்பது வழக்கம். "விரதத்துல மெஷின் எதுக்கு, சுகம் தேடுற மாதிரி ஆகாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். மூச்சு விடுவது சுகம் தேடுவது ஆகாது தம்பி. தரையில் மல்லாந்து படுத்தால் நாக்கு இன்னும் பின்னால் சரியும், இந்த நோய் கூடத்தான் செய்யும். பாயில் படுங்கள், ஒருக்களித்துப் படுங்கள், மாஸ்க்கோடு படுங்கள். விரத நாளில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்கிறோமே, அதே மாதிரிதான் இதுவும். தூக்கமில்லாத உடம்போடு காவடியைத் தூக்கி 272 படி ஏறுவதை முருகன் கேட்கவில்லை.

"எல்லாம் அவன் பார்த்துக்குவான், மாஸ்க் எதுக்கு?" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதையும் மரியாதையோடுதான் கேட்கிறோம். பார்த்துக்கொள்கிறான், ஐயா. தாதியக்காவை அந்த குரூப்பில் வைத்தது யார்? தடுப்பை உரசியதோடு லோரியை நிறுத்தியது யார்? ஒரு தடவை எச்சரித்துவிட்டான். இரண்டாவது தடவையும் அவன் தலையிலேயே போடுவது பக்தி ஆகாது.

அதனால் இந்த வருஷம் தொண்டர் குழு மூன்று முடிவு எடுத்திருக்கிறது.

ஒன்று: மண்டபத்தின் சுவர் ஓரம், பிளக் பாயிண்ட் இருக்கும் வரிசை சீபேப் கொண்டுவருபவர்களுக்கு மட்டும். எக்ஸ்டென்ஷன் வயர் நாங்கள் போட்டுத் தருகிறோம். நேரே ஃபேனுக்கு அடியில் படுக்கணும்னு அடம் பிடிக்கிறவர்கள் மன்னிக்கவும்.

இரண்டு: தூங்குபவரை வீடியோ எடுத்து குரூப்பில் போடக் கூடாது. யாருக்காவது மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்தால், அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்ட வீடியோ வேண்டுமென்றால், அவருக்கு மட்டும் அனுப்புங்கள். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள், ஒல்லியான ஆட்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும்.

மூன்று: பகலில் கண்ணைச் சொருகுகிறவர் யாராக இருந்தாலும், எத்தனை வருஷம் ஓட்டியவராக இருந்தாலும், லோரிச் சாவி கிடையாது.

மூன்றாவது முடிவை முன்மொழிந்ததே அண்ணன்தான். இப்போது தினமும் மாஸ்க் போட்டுத் தூங்குகிறார். எத்தனை மணி நேரம் போட்டார் என்று இயந்திரமே பதிவு செய்கிறது, அதைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை சாவியைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். இந்தத் தைப்பூசத்துக்கு அவர் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, புது டிரைவர் தம்பிக்கு வழி சொல்வார். முதல் நாள் இரவு சுவர் ஓரம் முதல் பாய் அவருக்கு.

பிள்ளையார் ஜோக் அடித்தவர் இந்தப் பதிவை எழுதும் எங்களில் ஒருவர்தான். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாச்சு. "விடு தம்பி, பிள்ளையாரும் தும்பிக்கையாலதானே மூச்சு விடுறாரு" என்று சிரித்தார்.

வீட்டு அலமாரியில் மாஸ்க் தூங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே எடுங்கள். பொருந்தவில்லையா, வாங்கிய இடத்துக்கோ டாக்டரிடமோ திரும்பப் போய் வேறு கேளுங்கள். மண்டபத்துக்கு வரும்போது பாயோடு அதையும் கொண்டுவாருங்கள். யாரும் சிரிக்க மாட்டோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

– ஆலயத் தொண்டர் குழு