உண்ண அஞ்சும் வயிறு

நம்முடன் நெடுங்காலம் கணிதம் கற்பித்து இளைப்பாறிய நண்பர் ஒருவர், எழுபது வயதைக் கடந்தபின் உணவைச் சுருக்கிக்கொண்டே வந்தார். விரதப் பற்று முதிர்ந்துவிட்டதென வீட்டார் எண்ணினர், நாமும் மெச்சினோம். உண்மை வேறாயிருந்தது. உண்டு அரைமணி நேரத்துள் வயிற்றின் நடுவே வலி எழுவதும், இரண்டொரு மணி நேரத்தில் தணிவதுமாக இருந்தமையால், அவர் சோற்றைக் கண்டே அஞ்சினார். உடல் மெலிந்தது. சுருட்டை மட்டும் அவர் விடவில்லை.

ஓர் இரவு பொறுக்கலாகா வலி தோன்றியது. தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருந்தது. "வாயுதான்" என்றனர் பலர். நாமும் அவ்வாறே கூறினோம். ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருந்தோம். ஆசுபத்திரியை அடைந்தபோது குடலின் பெரும்பகுதி இறந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் நண்பர் மறைந்தார். அன்று நாம் அறியாதிருந்ததை இன்று வாசகர்க்குக் கூறுதல் நமது கடன்.

பெருநாடியிலிருந்து பிரியும் மூன்று கிளைகள் இரைப்பைக்கும் குடலுக்கும் இரத்தம் ஊட்டுகின்றன. அவற்றுள் நடுக்கிளையே சிறுகுடலின் பெரும்பகுதிக்கு ஆதாரம். உண்டபின் குடலுக்கு மிகுதியான இரத்தம் வேண்டும். நாடியின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கியிருப்பின், அது கிட்டாது, குடல் நோகின்றது. மேடேறும்போது சிலருக்கு மார்பு நோவதும் இத்தகையதே.

ஒடுங்கிய நாடி ஒருநாள் முற்றாக அடைபடலாம். அன்றியும், ஒழுங்கின்றித் துடிக்கும் இருதயத்தில் உண்டான இரத்தக்கட்டி ஒன்று பெயர்ந்து வந்து, முன்னறிகுறி எதுவுமின்றி நாடியை அடைக்கலாம். அப்போது ஏறக்குறைய 6 மணி நேரத்துள் குடல் மீளாச் சேதம் அடையக்கூடும்.

இந்நோயின் முதற் குறி ஒரு முரண்பாடு: வலியோ கொடிது, வயிறோ மெத்தென்றிருக்கும். வாந்தியும் பேதியும் உடன் வரலாம். வயிறு கல்லாய் இறுகுதலும் மலத்தில் இரத்தம் காணுதலும் பெரும்பாலும் பிந்திய குறிகள். அவற்றுக்காகக் காத்திருத்தல் தகாது.

நாடியிலே சாயம் ஓடச்செய்து எடுக்கும் சீ.ரீ. படம் அடைப்பைக் காட்டும். இரத்தம் மேலும் உறையாதிருக்க ஹெப்பாரின் ஏற்றுவர். கட்டியை அகற்றியோ, ஒடுங்கிய இடத்தில் வலைக்குழாய் வைத்தோ, மாற்றுவழி அமைத்தோ இரத்தத்தை ஓடச்செய்வர். இறந்த பகுதியை வெட்டி நீக்குவர். எஞ்சியது உயிருடன் உள்ளதா என அறிய, 24 முதல் 48 மணி நேரத்துள் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் உண்டு. இறந்த குடலை அகற்றி நோயாளியைப் பிழைக்கவைக்கலாம் என்பதை, பொஸ்டன் நகரச் சத்திரவைத்தியர் எலியட் 1895 ஆம் ஆண்டிலேயே காட்டினார். குடல் இறக்குமுன் காப்பதே இன்றைய நோக்கம்.

ஆதலின், புகைப்பவர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர், இருதய நோயாளர் ஆகியோருக்குத் திடீரென வயிற்றில் கடும்வலி எழுந்தால், கைமருந்தும் பேதிமருந்தும் வேண்டாம். இரவென்று தயங்கவும் வேண்டாம். உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அவர் உண்ணும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலுள்ள முதியவர் நாள்தோறும் பாதிச் சோற்றோடு இலையை விட்டு எழுவாராயின், அது விரதமா, வலியா என்று ஒருமுறை கேளுங்கள். நாம் கேட்கவில்லை.