நம் லேபுக்கு ஒரு சர்வர் வேண்டும்!



சர்வர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எங்க தாத்தாவிடம் கேட்டேன். "நாகேஷ் நடிச்ச சர்வர் சுந்தரம்" என்றார். 1964-ல் வந்த படம். சிரிக்காதீர்கள் நண்பர்களே! நாங்கள் மனப்பாடம் செய்யும் விளக்கத்தைவிடத் தாத்தா சொன்னதுதான் விஷயத்துக்குக் கிட்டே வருகிறது.

ஹோட்டலில் நாம் உட்கார்ந்து "ரெண்டு தோசை" என்கிறோம். சர்வர் கேட்டுக்கொண்டு உள்ளே போகிறார். மாஸ்டர் தோசை போடுகிறார். மாவும் சட்னியும் ஸ்டோர் ரூமிலிருந்து வருகிறது. நம் தட்டுக்கு வருவது வெந்த தோசை மட்டும்தான். வெப்சைட்டும் இதே கதைதான். ஆர்டர் எடுப்பவர் அப்பாச்சி. சமைப்பவர் பி.எச்.பி. ஸ்டோர் ரூம் மைஎஸ்கியூஎல். தட்டு வைத்துக் காத்திருப்பது நம்ம பிரவுசர்.

2019-ல் வந்த பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பி.எச்.பி.க்குப் பல பாடங்கள் இருக்கின்றன. கடைசியில் மைஎஸ்கியூஎல்லோடு சேர்ப்பதும் வருகிறது. அரசாங்கம் நல்லதைத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் நாங்கள் அதை எப்படிப் படிக்கிறோம்? திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிறோம். அரைப்புள்ளி எங்கே வரும், டாலர் குறி எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அது ஓடினால் திரையில் என்ன வரும் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். நானும்தான்.

போன அரையாண்டு லீவில் ஆசை வந்து, புத்தகத்தில் இருந்த ஒரு புரோகிராமை வீட்டில் அடித்தேன். பதினொன்றாம் வகுப்பில் எச்.டி.எம்.எல். பைலை டபுள் கிளிக் பண்ணினால் அழகாகத் திறக்குமே, அதே நினைப்பில் இதையும் பிரவுசரில் திறந்தேன். நான் அடித்த எழுத்தெல்லாம் அப்படியே திரையில் வந்து நிற்கிறது! எங்கே தப்பு என்று ஒரு மணி நேரம் தேடினேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏல, மாவை அடுப்புல வைக்காமலே திங்க உக்காந்துட்டியா?" என்றாள். புரோகிராமில் தப்பே இல்லை. அதைச் சமைக்க ஆள்தான் இல்லை. அதாவது சர்வர் இல்லை.

சர்வர் என்றால் அமெரிக்காவில் பெரிய ஹாலில் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா தன் காலேஜ் பென் டிரைவில் வைத்திருந்த எக்ஸாம்ப் என்ற சாப்ட்வேரைப் போட்டாள். 2002-லிருந்து வருகிறது, இலவசம், சுமார் 150 எம்.பி.தான். அப்பாச்சி, பி.எச்.பி., மைஎஸ்கியூஎல்லின் தம்பியான மரியாடிபி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. போட்டது எதில் தெரியுமா? அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பில். பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. பிளக்கில் சொருகினால்தான் உயிர்.

ஸ்டார்ட் அமுக்கினோம். அப்பாச்சி சிவப்பு எழுத்தில் கத்தியது. 80-ஆம் எண் வாசலில் வேறொரு சாப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறதாம். வாசலை 8080 என்று மாற்றினோம், பச்சையானது. எச்.டி.டாக்ஸ் என்ற போல்டரில் பைலைப் போட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, பக்கத்தில் 8080 சேர்த்தேன். வந்துவிட்டது! லோக்கல்ஹோஸ்ட் என்றால் இதே கம்ப்யூட்டர்தான், 127.0.0.1 என்பது அதன் எண். நாமே சமைத்து நாமே பரிமாறி நாமே சாப்பிடுவது. இன்டர்நெட் ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு நண்பன் வந்தான். அவன் போனில் டேட்டாவை நிறுத்திவிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போட்டு லேப்டாப்பை இணைத்தோம். லேப்டாப்புக்கு 192.168 என்று தொடங்கும் ஒரு எண் கிடைத்தது. அதை அவன் போனில் அடித்தான், நான் செய்த படிவம் அவன் கையில்! அவன் தன் பெயரைத் தமிழில் அடித்து அனுப்பினான். என் அட்டவணையில் வந்தது என்னவோ வரிசையாகக் கேள்விக்குறி. அட்டவணையை லத்தீன் எழுத்து வகையில் உண்டாக்கியிருக்கிறேன், தமிழ் அதில் அடங்காது. யு.டி.எஃப்-8 வகையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். மாற்றிய பிறகு பெயர் முழுசாக வந்தது. யு.டி.எஃப்-8 பற்றி எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இப்படிப் புரிந்திருக்காது.

அதனால் என் கருத்து இதுதான். சர்வர் இல்லாமல் பி.எச்.பி. நடத்துவது தண்ணீர் இல்லாமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது. லேபில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் சர்வர் ஓடினால் போதும். கேபிளில் இணைந்திருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து எல்லோரும் அதைத் திறக்கலாம்.

"லேப் கம்ப்யூட்டரில் கண்டதையும் போட்டால் கெட்டுப்போகும், ஆன்லைன் தேர்வு அதில்தான் நடக்கிறது" என்பார்கள். நியாயம்தான். எத்தனை வகுப்புக்கு ஒரு சார் ஓடுவார்? இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸாம்ப் பழகுவதற்கு மட்டும்தான். அதில் டேட்டாபேஸின் தலைமைப் பயனருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. வெளி உலகத்துக்குத் திறந்துவிட்டால் வீட்டைப் பூட்டாமல் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன கதைதான். எனவே தேர்வு நடக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம், தனியாக ஒரு பழையது போதும்.

"பரீட்சைக்கு அது எதுக்கு?" என்று சில நண்பர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. தென்காசியைத் தாண்டி மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ கம்பெனி நடக்கிறது. உலகம் முழுக்க ஓடும் ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானது. நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்விடும் தூரம். சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் எதையும் முதலில் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அந்த முதல் படியில் நாம் இன்னும் கால் வைக்கவில்லை.

உலகத்தின் முதல் வெப் சர்வரும் ஒருவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர்தான். 1990-ல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை ஓட்டினார். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்களே என்று, இது ஒரு சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார். எங்க வீட்டில் சீசன் காற்றுக்குக் கரண்ட் போனபோதெல்லாம் என் சர்வரும் படுத்துக்கொண்டது. அவர் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு வேண்டுகோள். அக்காவின் லேப்டாப்பை ஒரு மாதம் லேபில் வைக்க வீட்டில் அனுமதி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை கடைசிப் பீரியட் கொடுத்தால் போதும். யு.பி.எஸ். உள்ள ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் சார். ஒட்டுவதற்குச் சிவப்பு மை சீட்டு ரெடியாக இருக்கிறது.

— 12-ஆம் வகுப்பு மாணவன், வணிகவியல், கணினிப் பயன்பாடுகள் பிரிவு, கடையநல்லூர்