ஆற்றுக்கும் கிணற்றுக்கும் ஒரே கணக்கு!

நாஞ்சில் நாட்டில் கால்வாயில் தண்ணீர் விட்டால், சில நாட்களில் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறும். கால்வாயை அடைத்தால் கிணறும் இறங்கும். இது தாய்மார்கள் நன்றாக அறிந்த சங்கதி. தண்ணீர் இறைக்கும் கயிறே அதைச் சொல்லிவிடும்!

ஆனால் கால்வாயைச் சீர்திருத்தும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம். கால்வாய்க் கணக்கு ஓர் ஏட்டில் இருக்கிறது. கிணற்றுக் கணக்கு வேறோர் ஏட்டில் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே தண்ணீர். ஆகவே இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் எந்தக் கால்வாய்க்கும் சிமெண்டுத் தளம் போடக் கூடாது.

கைமாற்று

ஆற்றுக்கு அடியில் மணலும் மண்ணும் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் நகர்கிறது. ஆற்றின் மட்டம் உயர்ந்தும், நிலத்தடி மட்டம் தாழ்ந்தும் இருந்தால், ஆறு நிலத்துக்குக் கொடுக்கிறது. ஆறு தாழ்ந்து, நிலத்தடி மட்டம் உயர்ந்திருந்தால், நிலம் ஆற்றுக்குக் கொடுக்கிறது.

அணை இல்லாத சிற்றோடையில்கூட, மழை நின்று பல நாட்கள் தெளிந்த நீர் ஓடுகிறதே! அது எங்கிருந்து வருகிறது? மண்ணுக்குள் இருந்துதான் வருகிறது. அடுத்த வீட்டுக்காரர்கள் அரிசியும் புளியும் கைமாற்று வாங்கிக்கொள்வது போல, ஆறும் நிலமும் தண்ணீரைக் கைமாற்றிக்கொள்கின்றன.

ஆற்றங்கரையில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வைத்து இறைக்கிறார். "இது என் நிலத்துத் தண்ணீர்" என்கிறார். முதலில் அப்படித்தான் வரும். நாளாக ஆக, ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் அவருடைய குழாயில் வரும். பிறகு ஆற்றுத் தண்ணீரே வரும்! 1941-ம் ஆண்டில் தைஸ் என்ற அமெரிக்க நிபுணர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கணக்கு எப்படி?

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் பிரான்சு நாட்டு என்ஜினீயர் டார்சி. டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தார். 1856-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்டது மிக எளிது. இரண்டு பக்கத்து நீர் மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கானால், ஓடும் தண்ணீரும் இரண்டு மடங்காகும். மணலின் கனம் இரண்டு மடங்கானால், தண்ணீர் பாதியாகும்.

இன்று நிபுணர்கள் ஒரு வட்டாரம் முழுவதையும் வயலைப் பாத்தி பிரிப்பது போலப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எழுதுகிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுவது போலத்தான்! பாத்திகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. 1984-ல் அமெரிக்க அரசாங்கத்தின் புவியியல் ஆய்வுத் துறை இதற்காக "மாட்ஃப்ளோ" என்ற முறையை வெளியிட்டது. அதை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

ஆனால் ஒன்று. கம்ப்யூட்டருக்கு நம் ஊர் தெரியாது. குமரி மாவட்டத்தின் பெரும்பகுதி கெட்டிப் பாறை. பாறை சிதைந்த மண்ணிலும், பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. கடலோரத்தில் மணல் இருக்கிறது. ஆகவே ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கணக்குச் சொல்லும் மட்டமும் கிணற்றில் அளந்த மட்டமும் ஒத்து வந்தால்தான் கணக்கை நம்பலாம். அளக்காமல் போட்ட கணக்கு பொய்க் கணக்கு!

சிமெண்டு போடலாமா?

பேச்சிப்பாறை அணையை 1906-ல் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்தது. மிஞ்சின் என்ற ஆங்கிலேய என்ஜினீயர் முன்னின்று கட்டினார். அன்று முதல் கோதையாற்றுத் தண்ணீர், தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய் போன்ற கால்வாய்கள் வழியாக வயல்களை நனைக்கிறது.

கடைவரம்பு விவசாயி என்ன கேட்கிறார்? "வழியெல்லாம் தண்ணீர் கசிகிறது. எனக்கு வந்து சேரவில்லை. சிமெண்டு போடுங்கள்" என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. கும்பப்பூவில் கதிர் வரும் வேளையில் தண்ணீர் இல்லாவிட்டால், பதர்தான் மிஞ்சும்.

ஆனால் வழியில் இருக்கும் ஊர்க்காரர் என்ன சொல்கிறார்? "அந்தக் கசிவுதான் எங்கள் குடிநீர்க் கிணற்றின் ஊற்று" என்கிறார். அதுவும் நியாயமே.

இரண்டு நியாயங்களில் எதைக் கேட்பது? செல்வாக்கு உள்ளவர் பேச்சைக் கேட்கக் கூடாது. கணக்கைக் கேட்க வேண்டும். எந்த மைலில் கசியும் தண்ணீர் கிணறுகளுக்குப் போகிறது, எந்த மைலில் யாருக்கும் பயனின்றி வீணாகிறது என்று கணக்குச் சொல்லும். வீணாகும் இடத்தில் சிமெண்டு போடலாம். கிணறுகளுக்கு ஊட்டும் இடத்தில் மண் தரையை விட்டுவைத்து, கரையை மட்டும் பலப்படுத்தலாம். கடைவரம்புக்கும் தண்ணீர் போகும். கிணறும் பிழைக்கும்.

குளங்களும் இப்படியே. குளத்தைத் தூர்த்து மனை போட்டால், போவது குளம் மட்டுமா? சுற்றியுள்ள கிணறுகளின் வரவும் போகிறது.

உப்பு வரும்!

பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது. அங்கே இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும்! உப்பேறிய கிணற்றைத் திருத்த ஒரு மழை போதாது. பல ஆண்டுகள் ஆகும்.

செய்ய வேண்டியது

கால்வாய் வேலை தொடங்கும் முன், இரு பக்கத்துக் கிணறுகளின் மட்டத்தையும் ஓராண்டு அளக்க வேண்டும். வெயில், இரு பருவமழைகள், கால்வாய் திறப்பு, அடைப்பு எல்லாம் அந்த ஓராண்டில் வந்துவிடும். நிபுணர்கள் போடும் கணக்கின் முடிவை, எளிய தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

மக்களும் சும்மா இருக்கக் கூடாது. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதம் ஒரு நாள், காலையில் இறைப்பதற்கு முன், கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று அளந்து, தேதியோடு எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைச் செய்யலாம்.

கால்வாய்க்கு ஒப்பந்தம் பேச வருபவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். "எங்கள் கிணற்றுக்கு என்ன கணக்கு?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு சிமெண்டு மூட்டை இறங்கட்டும்!