கடைசி மூன்று முழம்

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது முதுமொழி. கோல்ப் விளையாட்டில் இம்மொழி பாதியளவே பொருந்தும். அங்கே அடிமேல் அடி அடிப்பவன் தோற்பான். குறைந்த அடியிற் பந்தைக் குழியிற் சேர்ப்பவனே வெல்வான். ஆயினும், ஆடுகளத்தில் அடியைக் குறைக்க விரும்புவோன் பயிற்சிக் களத்தில் அடிமேல் அடி அடித்தே தீரவேண்டும்.

"இது துரைமார் விளையாட்டன்றோ? ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனால் ஆவதென்ன?" என்று வாசகர் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நமது அயலிலுள்ள நுவரெலியாவிற் கோல்ப் கழகம் 1889ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. நெடுங்காலம் கோலைப் பிடித்த கை துரையுடையது. கோற்பையைச் சுமந்த தோள் ஏழைச் சிறுவனுடையது. ஆனால், சுமந்தவனுக்கும் கண் உண்டு. பார்த்த கண் கைக்குக் கற்றுக்கொடுத்தது.

இதற்குச் சான்று வேண்டுமா? பெங்களூரிற் கோற்பை சுமந்த சின்னசாமி முனியப்பா, 2009இல் இந்தியப் பகிரங்கப் போட்டியின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார். கல்கத்தாவின் கோல்ப் மைதானத்திற் புற்றரை பேணிய தொழிலாளியின் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா, அதே போட்டியை 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் தொடர்ந்து வென்றார். இவரைச் சக ஆட்டக்காரர் "சிப்புட்சியா" என்று செல்லமாக அழைப்பர். பந்தைச் சிறிதே எழுப்பி இடுவது 'சிப்'. உருட்டி விடுவது 'பட்'. இவ்விரண்டிலும் அவர் காட்டிய வல்லமையே அப்பெயரைத் தந்தது. நெடுந்தூரம் அடித்ததற்காக அன்று, குறுந்தூரத்திற் பிழையாமைக்காகக் கிடைத்த பட்டம் அது!

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். பெரும்பாலான பதினெட்டுக் குழி மைதானங்களின் நியம அடிகள் 72. அவற்றுள் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு வீதம் 36 அடிகள் உருட்டலுக்கென ஒதுக்கப்பட்டவை. சரிபாதி! வானளாவ அடிப்பதற்கு வலிமை வேண்டும். விலையுயர்ந்த கோல்கள் வேண்டும். பரந்த வெளியும் வேண்டும். இந்தச் சரிபாதிக்கோ ஒரு பழைய கோலும், இரண்டொரு பந்தும், பத்து முழ நிலமும் போதும். ஆகவே, வீட்டு முற்றத்திலேயே செய்யத்தக்க சில பயிற்சிகளை இங்கே தருகின்றோம்.

முதலாவது, வாயிற் பயிற்சி. முற்றத்தில் ஒரு பாகத்தைச் செதுக்கிச் சமனாக்குங்கள். வெறுமையான பால் டின் ஒன்றை மண்ணுக்குள் வாய்மட்டம் வரை புதையுங்கள். உண்மையான குழியின் குறுக்களவு 4¼ அங்குலம். பால் டின் ஏறத்தாழ 3 அங்குலமே. இச்சிறு வாயிற் பழகியவனுக்குப் பெரிய குழி கிணறு போலத் தோன்றும். டின்னிலிருந்து மூன்று முழத்திற் பந்தை வைத்து, அதற்குச் சற்று முன்னால், பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் இரு குச்சிகளை நடுங்கள். குச்சியிற் படாமல் உருட்டுங்கள். தலையை உயர்த்தாதீர்கள், பந்து விழும் ஓசையைக் காது கேட்கட்டும்.

இரண்டாவது, வட்டப் பயிற்சி. டின்னைச் சுற்றி நான்கு திசைகளிலும் இரண்டு முழ தூரத்திற் பந்துகளை வைத்து, நான்கையும் தொடர்ந்து உள்ளே விடவேண்டும். ஒன்று தவறினும் முதலிலிருந்து தொடங்குக. பின்னர் தூரத்தை மூன்று முழமாக்குக. எட்டு அடித் தூரத்திலிருந்து உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே ஏறத்தாழப் பாதித் தடவைதான் வெற்றி பெறுகின்றனர். ஆதலால் தவறியதற்காகச் சோர்வடைய வேண்டாம்.

மூன்றாவது, கூடைப் பயிற்சி. பழைய கொழுந்துக் கூடையைப் பதினைந்து அடிக்கு அப்பால் வைத்து, பந்தை மெல்ல எழுப்பி அதனுள் விழச் செய்க. மணிக்கட்டை மடக்காது தோளால் ஆட்டுதல் வேண்டும். கோல்ப் பந்து கல்லைப் போன்றது என்பதை மறவாதீர். லயத்துக்கு அருகிலும், கொழுந்து பறிப்போர் உள்ள மலையிலும் ஓங்கி அடித்தல் ஒருபோதும் ஆகாது.

நான்காவது பயிற்சிக்கு நம் மலையே ஆசான். பந்து காலைவிட உயரத்திற் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரனின் அடி இடப்புறம் விலகும். தாழ்விற் கிடந்தால் வலப்புறம் விலகும். ஏற்றத்தில் அடித்த பந்து மேலெழுந்து குறுகி விழும். இறக்கத்தில் அடித்தது தாழப் பறந்து நெடிது ஓடும். நான்கு வகைச் சரிவிலும் நின்று, தோள்களை நிலத்தின் சாய்வுக்கு இசையச் சாய்த்து, பத்துப் பத்து முறை மெல்ல அடித்துப் பாருங்கள். கொழும்பின் சமவெளியில் வளர்ந்தவன் அரிதிற் கற்பதை நம் பிள்ளை வாசலிலேயே கற்கலாம்.

ஆடி மாதத்தில் ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்று வீசும்போது, ஐந்தாவது பாடத்தையும் படித்துவிடலாம். எதிர்க்காற்றில் வேகமாக அடிப்பது பேதைமை. மிகுந்த சுழற்சி பெற்ற பந்து மேலே எழும்பி நின்றுவிடும். சாய்வு குறைந்த கோலை எடுத்து, மென்மையாக அடித்தலே அறிவு.

பதுளை நகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,200 அடி உயரத்திலுள்ளது. நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேல். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து பந்து நெடுந்தூரம் செல்லும். எனவே, நெடிய அடியின் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கடைசி மூன்று முழத்தின் கணக்கு மாத்திரம் அதிகம் மாறுவதில்லை.

மாணவர்களே! நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நூறு உருட்டலில் எத்தனை விழுந்தன என்று ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். பெற்றோர்களே! வேலைக்குப் போய்வந்த களைப்பிலும் ஒரு நிமிடம் நின்று அக்கணக்கைக் கேளுங்கள். கழகத்தின் கதவு எல்லாருக்கும் எளிதில் திறப்பதில்லை என்பதை நாம் அறிவோம். பணமும் பழக்கமும் உள்ளோர்க்கே அது முந்தித் திறக்கின்றது. ஆனால், கதவு திறக்கும் நாளிற் கை பழகாதிருந்தால் அந்த வாய்ப்பும் வீணாகும். தங்கராஜா, பிரபாகரன் என்னும் பெயர்களுடைய இலங்கை ஆட்டக்காரர் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய காலம் இது. அவ்வரிசையில் ஊவாவின் பெயரொன்றும் சேரவேண்டுமாயின், அதற்கான முதல் அடியை இன்றே முற்றத்தில் அடிக்கலாம். டின் வெறுமையானதும் எறிந்துவிடாதீர்கள்!