வளைகோட்டுக்குப் பேனா வேண்டும்

மைக் வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசிக்கிறோம். ஸ்பீக்கரை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று டேப் வைத்து அளக்கிறோம். ஹெட்போனுக்காக நண்பர்கள் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் நாள் முழுக்க நம் கையிலேயே இருக்கும் கருவியைப் பற்றி நம் துறையில் பேச்சே எழுவதில்லை. கணினி வாங்கும்போது கூடவே வந்த மவுஸைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கிறோம். குரலை ட்யூன் செய்பவர்கள், கீபோர்டு ப்ரோகிராமர்கள், பழுதான ஒலிப்பதிவைச் சீர்செய்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் மவுஸைவிடப் பென் டேப்லெட்தான் ஏற்றது என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

காரணம் எளியது. ஒரு பொத்தானைச் சுட்டி அழுத்தவும், ஒரு கிளிப்பைப் பிடித்து இழுத்து வேறு டிராக்கில் போடவும் மவுஸ் போதும். கோடு வரைவதற்கு அது போதாது. மவுஸால் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். மேலே சொன்ன மூன்று வேலைகளிலும் நாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பது வளைகோடு வரைவதுதான். அதிலும் நம் இசையில் சுரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது குறைவு. அது அசைந்துகொண்டும் வழுக்கிக்கொண்டும் அடுத்த சுரத்தைத் தொட்டுத் திரும்பிக்கொண்டும் இருக்கும்.

தோடியின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். கீபோர்டில் அது ஒரு கட்டை. பாடுகிறவர் தொண்டையிலோ அது ரிஷபத்தின் பக்கத்திலிருந்து எழுந்து, மத்தியமத்தை எட்டிவிட்டு இறங்குகிற அசைவு. சாதாரண காந்தாரத்துக்குக் கீழே சுத்த ரிஷபம் 2 அரைச்சுரம், மேலே சுத்த மத்தியமம் 2 அரைச்சுரம். மிடியில் பிட்ச் பெண்டின் வழக்கமான எல்லையும் இரு பக்கமும் 2 அரைச்சுரம்தான் என்பதால், அசைவின் முழு அகலமும் அதற்குள் அடங்கிவிடும். நுணுக்கத்துக்கும் குறைவில்லை. பிட்ச் பெண்ட் 14 பிட் அளவு கொண்டது, அதில் 16,384 படிகள் உண்டு. எல்லையை 12 அரைச்சுரமாக விரித்துவைத்தாலும் ஒரு படி என்பது ஒரு சென்ட்டில் ஏழில் ஒரு பங்குதான். எந்தக் காதுக்கும் அந்தப் படி கேட்காது.

ஆக, மிடியில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன வரைகிறோம் என்பதில்தான் சிக்கல். மவுஸை வைத்துக்கொண்டிருப்பவர் அங்கங்கே புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைப்பார், இல்லாவிட்டால் மென்பொருள் தரும் ஆயத்த அலை வடிவத்தை எடுத்து ஒட்டுவார். எல்லா அசைவும் ஒரே அகலம், ஒரே வேகம். கேட்டால் கமகமாக இருக்காது, சைரன் போல இருக்கும். பாடகரின் அசைவில் முதல் எழுச்சிக்கும் இரண்டாவது எழுச்சிக்கும் வித்தியாசம் உண்டு, மேலே தங்கும் நேரமும் கீழே தங்கும் நேரமும் வேறு. மூல ஒலியைக் கேட்டுக்கொண்டே பேனாவை ஒரே இழுப்பில் ஓட்டுகிறவருக்கு அந்த ஒழுங்கின்மை தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. முதல் கோடு சரியாக வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வரைய ஒரு நொடிதான் ஆகும். புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

இசைக் கணினியின் தொடக்க வரலாற்றைப் பார்த்தால் அதில் பேனா இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் டாஃப்னி ஓரம் 35 மி.மீ. படச்சுருளின் மேல் வடிவங்களை வரைந்து ஒலியாக்கும் பொறியை 1950களின் இறுதியிலேயே கட்டத் தொடங்கினார். யானிஸ் செனாக்கிஸ் 1977இல் பாரிஸில் உருவாக்கிய யூபிக் கருவியில் ஒரு பெரிய வரைபலகையும் மின்பேனாவும்தான் இசைக்கருவி. அதில் அவர் வரைந்த கோடுகளே 1978இல் ‘மைசீனே ஆல்ஃபா’ என்ற படைப்பாயின. 1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் வெளியிட்ட ஃபேர்லைட் சிஎம்ஐ கருவியோடு ஒளிப்பேனா வந்தது. நிமிர்ந்து நிற்கும் திரையில் கையைத் தூக்கித் தூக்கி வரைந்தால் தோள் ஓய்ந்துபோகும். 1985இல் வந்த மூன்றாம் வரிசையில் ஒளிப்பேனாவை எடுத்துவிட்டு, கீபோர்டு பக்கத்திலேயே கை ஊன்றி எழுதும் டேப்லெட்டை வைத்தார்கள். பிறகு விலை குறைந்த கணினிகளில் சீக்வென்சர் வந்தபோது, அந்தக் கணினிகளோடு வந்த மவுஸும் ஸ்டூடியோவுக்குள் வந்தது. இசை வேலைக்கு எது உகந்தது என்று யாரும் சோதித்துப் பார்த்து மவுஸைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி, கருவியின் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்ப்போம். மவுஸ் சார்பு முறையில் இயங்குகிறது. எவ்வளவு தூரம் நகர்த்தினோம் என்பதை மட்டுமே அது கணினிக்குச் சொல்லும். டேப்லெட்டில் பலகையின் ஒவ்வொரு இடமும் திரையின் ஓர் இடத்துக்கு நிலையாகப் பொருந்தியிருக்கும். பலகையின் மேல் இடது மூலையில் வைத்தால் திரையின் மேல் இடது மூலை. பேனா முனையைப் பலகைக்குச் சற்று மேலே பிடித்தால் சுட்டி நகரும், தொட்டால் கிளிக். பழகிய பிறகு டிரான்ஸ்போர்ட் எங்கே, மிக்ஸர் எங்கே என்று கை தானாகவே போகும், கண் தேட வேண்டியிருக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பலகையின் அளவு. வேக்கம் இன்ட்யூஸ் சிறிய பலகையின் வரைபரப்பு 152 மி.மீ. அகலம், நடுத்தரப் பலகையின் அகலம் 216 மி.மீ. கிடைமட்டத்தில் 1,920 பிக்சல் கொண்ட ஒரே திரையைச் சிறிய பலகையில் பொருத்தினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 13 பிக்சல் வரும். அதே பலகையில் இரண்டு திரைகளைப் பொருத்தினால் 25 பிக்சல். பியானோ ரோலில் ஒரு நோட்டின் விளிம்பைப் பிடிக்கும் இடமே சில பிக்சல்தான் என்பதால், இரண்டாவது அமைப்பில் கை லேசாக நடுங்கினாலும் விளிம்பு தப்பிவிடும். “டேப்லெட் வாங்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை” என்று சொல்கிறவர்களில் பலருக்குக் குறை இங்கேதான். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் நடுத்தரப் பலகை வாங்குங்கள், அல்லது எடிட் செய்யும் திரைக்கு மட்டும் பலகையைப் பொருத்துங்கள். ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் பலகைகளும் இந்த வேலைக்குப் போதும். விளம்பரத்தில் சொல்லும் 8,192 அழுத்தப் படிகளைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். நம் மென்பொருள்களில் பெரும்பாலானவை பேனாவின் அழுத்தத்தை இன்னும் கண்டுகொள்வதில்லை.

அடுத்த தொல்லை ப்ளக்-இன் குமிழ்கள். குமிழைப் பிடித்து இழுக்கும்போது பல மென்பொருள்கள் சுட்டியை மறைத்துவைத்து, திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, நகர்ந்த தூரத்தை மட்டும் கணக்கிடும். மவுஸுக்கு அது சரி. பேனாவோ தான் இருக்கும் இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதும்போது குமிழ் ஒரே தாவலில் அடிமட்டத்துக்கோ உச்சிக்கோ போய்விடும். இதற்காகவே ஏபிள்டன் லைவில் பென் டேப்லெட் மோட் என்ற தேர்வு இருக்கிறது. க்யூபேஸில் குமிழ்கள் வட்டமாகச் சுழல வேண்டுமா, நேர்கோட்டில் நகர வேண்டுமா என்று அமைத்துக்கொள்ளலாம். வேறு மென்பொருளில் தொல்லை வந்தால் மதிப்பை எண்ணாகத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு மவுஸைத் தொடுங்கள். விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும் வசதியை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். நோட்டை இழுக்கும்போதெல்லாம் ஏற்படும் சிறு தயக்கத்துக்கு அதுதான் காரணம். பேனாவின் பக்கவாட்டுப் பொத்தான்களில் ஒன்றை வலது கிளிக்குக்கும் மற்றொன்றை இரட்டைக் கிளிக்குக்கும் ஒதுக்கிவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

பேனாவின் பயன் கண்கூடாகத் தெரியும் இடம் ஒலிச் சீரமைப்பு. சபாக் கச்சேரியின் நேரடிப் பதிவில், ஆலாபனை நடுவே முன்வரிசையில் ஒருவர் இருமிவிடுகிறார். ஐசோடோப் ஆர்எக்ஸிலோ ஸ்பெக்ட்ராலேயர்ஸிலோ திறந்து பார்த்தால் இருமல் ஒரு கறையாகத் தெரியும். அதன் ஊடாகக் குரலின் மேல்சுரங்கள் அடுக்கடுக்கான அலைக்கோடுகளாக ஓடும். செவ்வகமாகத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்தால் கறையோடு அந்தக் கோடுகளும் அடிபடும், குரல் அந்த இடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கோடுகள் நேராக இருந்தால் மவுஸால் ஒருவாறு சமாளிக்கலாம். கமகத்தில் அவை ஏறியிறங்கிப் போகின்றன. லாஸோவையோ பிரஷ்ஷையோ எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள கறையை மட்டும் வளைவோடு வளைவாகத் தேய்த்து எடுக்கப் பேனா பிடித்த கைதான் வேண்டும். ப்ரோ டூல்ஸில் சாம்பிள் அளவுக்குப் பெரிதாக்கி, பென்சில் டூலால் ஒரு கிளிக் சத்தத்தை வரைந்து நீக்குவதும் இப்படித்தான். அந்தத் திருத்தம் மூலக் கோப்பிலேயே எழுதப்படும் என்பதால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

குரல் ட்யூனிங்கில் மென்பொருளுக்கு மென்பொருள் நிலைமை வேறு. ஆட்டோ-ட்யூனின் கிராஃப் மோடில் சுருதிக் கோட்டைக் கையாலேயே வரையலாம், ரீப்பரின் ரீட்யூனிலும் அப்படியே. மெலடைன் குரலைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நீண்ட கமகத்தை அது சில வேளை பல சுரங்களாக வெட்டிவிடும். அந்த வெட்டுகளை நீக்கிச் சேர்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். அங்கே பேனாவால் கிடைக்கும் லாபம் வேகம் மட்டுமே.

வரைவது எளிதாகிவிட்டால் அதிகம் வரையும் ஆசையும் வரும். அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடகர் பாடாத அசைவை நாம் வரைந்து சேர்க்கக் கூடாது. பாடிய அசைவைத் தட்டையாக்கவும் கூடாது. பிசகிய இடத்தை அவரே பாடியிருக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோவதோடு நம் வேலை முடிகிறது. ப்ரோகிராமிங்கிலும் முதலில் பிட்ச் வீலைப் பிடித்து வாசியுங்கள். வாசிப்பில் வந்த உயிரை வைத்துக்கொண்டு, தவறிய இடத்தை மட்டும் பேனாவால் திருத்துங்கள். வெற்றுத் தாளில் தொடங்கி வரைந்த நாதஸ்வரம் எப்போதும் வரைந்ததாகவே கேட்கும்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். மவுஸின் மேல் உள்ளங்கை கவிழ்ந்திருக்கிறது, முன்கை நாள் முழுக்க முறுக்கிய நிலையில் கிடக்கிறது, ஒரே விரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. பேனா பிடிக்கையில் கை பக்கவாட்டில் சாய்ந்து இயல்பான நிலைக்கு நெருங்கி வருகிறது. இதனால் பேனா எந்த வலியையும் குணமாக்கிவிடும் என்று பொருளில்லை. இறுக்கிப் பிடித்தால் விரல்களுக்கும் கட்டைவிரல் அடிக்கும் புதிய வலி வரும். பகலில் பாதி நேரம் பேனா, பாதி நேரம் இடது கையில் மவுஸ் அல்லது டிராக்பால் என்று மாற்றி மாற்றி வேலை செய்வதே நல்லது. கை மரத்துப்போனாலோ இரவில் மணிக்கட்டு வலித்தாலோ கருவியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஃபேடருக்குக் கன்ட்ரோல் சர்ஃபேஸ்தான் சரி. ஸ்க்ரோலுக்கு மவுஸ் சக்கரம்தான் சரி. நூற்றுக்கணக்கான கிளிப்களை அடுக்கும் நாளில் டிராக்பால் நல்ல துணை. பேனாவை எல்லாவற்றுக்கும் மாற்றாக நாங்கள் முன்வைக்கவில்லை. இடது கை கீபோர்டில் ஜூமையும் ஸ்க்ரோலையும் பார்த்துக்கொள்ள, வலது கை வரையட்டும் என்கிறோம்.

மென்பொருள் செய்பவர்களுக்கு எங்கள் கோரிக்கை இது. பேனாவின் அழுத்தத்தை எக்ஸ்பிரஷனுக்கு, அதாவது சிசி 11க்கு, நேரடியாக இணைத்துக் கொடுங்கள். சுருதியையும் அழுத்தத்தையும் ஒரே இழுப்பில் எழுத முடிந்தால் வயலின் வில்லின் எடையைக் கோட்டிலேயே கொண்டுவரலாம். பழைய மிடியின் 128 படிகள் அதற்குக் குறைவு என்ற சாக்கும் இனி செல்லாது. 2020இல் வந்த மிடி 2.0 கன்ட்ரோலர்களுக்கு 32 பிட் அளவு தருகிறது.

தரமணி திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுத் துறை முதல் தனியார் பயிற்சி நிலையங்கள் வரை, ஒலி கற்றுக்கொடுக்கும் எல்லோரும் எடிட்டிங் மேசை ஒன்றிலாவது டேப்லெட் வைக்க வேண்டும். மவுஸில் ஊறிப்போன கையைவிட மாணவர் கை விரைவாகப் பழகும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். நண்பரிடம் இரவல் வாங்கியாவது ஒரு சிறிய டேப்லெட்டை மேசையில் வையுங்கள். முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் விடாமல் வேலை செய்யுங்கள், அவசர வேலை இல்லாத வாரங்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ராகத்தில் ஒரு கமகத்தை மவுஸாலும் பேனாவாலும் வரைந்து, பாடத் தெரிந்த ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லும் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.