499 ரூபாய் நகல் சிக்கனம் ஆகாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"பாரிஸ் ராம்ப் லுக், வெறும் 499 ரூபாயில்!" இப்படி ஒரு ரீல்ஸ் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்த செலவில் அழகாக உடுத்த வேண்டும் என்ற ஆசை தவறே இல்லை. வாழப்பாடியிலிருந்து பெங்களூருக்கு இன்டர்வியூ போகிற பெண்ணுக்கு நல்ல உடை தருகிற தைரியம் சின்ன விஷயமா? ஆனால் அதற்கு இந்த ரீல்ஸ் காட்டுகிற வழிதான் தவறு.

முதலில் கணக்கு. 499 ரூபாய் டாப்ஸ் நான்கு சலவையில் சாயம் போய், தையல் விட்டுவிட்டது என்று வையுங்கள். ஒரு தடவை உடுத்த ஏறக்குறைய 125 ரூபாய். துணி எடுத்து, கூலி கொடுத்து 1,200 ரூபாயில் தைத்த சுடிதாரை அறுபது தடவை உடுத்தினால், தடவைக்கு 20 ரூபாய். எது சிக்கனம்? ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது.

அடுத்தது, ராம்ப்பில் அந்த உடை ஏன் அழகாகத் தெரிகிறது? நடந்து வருகிற மாடலின் உடம்புக்கு அதை அளவு பார்த்து, குண்டூசி குத்திச் சரிசெய்துதான் மேடைக்கு அனுப்புகிறார்கள். தோள் தோளில் உட்காரும், இடுப்பு இடுப்பில் நிற்கும். ரகசியம் அந்த அளவில் இருக்கிறது. நகல் எடுக்கிறவன் பிரிண்ட்டை மட்டும் எடுக்கிறான், அளவை விட்டுவிடுகிறான். S, M, L என்ற மூன்று எழுத்துக்குள் உங்கள் உடம்பு அடங்குமா? அந்த அளவைத் தரக்கூடியவர் உங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. நாம் யாரைப் பார்த்து ஏங்குகிறோமோ, அவர்கள் நம்மைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் ஜாரா நிறுவனம் கட்டம் போட்ட ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். பார்த்தவர்கள் எல்லாம் "இது நம்ம லுங்கி!" என்று சிரித்தார்கள். 2025 ஜூனில் மிலன் நகர மேடையில் பிராடா காட்டிய செருப்பு அசல் கோலாப்பூரி. முதலில் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கண்டனம் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினைஞர்களின் செருப்பைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். நம் பக்கத்திலேயே குமாரபாளையத்தில் லுங்கி ஓடுகிறது, இளம்பிள்ளையில் சேலை ஓடுகிறது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, நகலின் நகலுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுகிறோம்.

"தைக்கக் கொடுத்தால் சொன்ன தேதிக்கு வராது டீச்சர்" என்பீர்கள். உண்மைதான். பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். "கூலி அதிகம்" என்பீர்கள். அவ்வளவு மலிவான உடைக்கும் யாரோ கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். 2013-இல் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்தபோது 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுப் பெண்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மலிவு உடை தைத்தவர்கள்.

ஆகவே பிள்ளைகளே, ராம்ப்பை நன்றாகப் பாருங்கள். கழுத்து எப்படி வெட்டியிருக்கிறான், கை எவ்வளவு நீளம், எந்த நிறத்தோடு எதைச் சேர்த்திருக்கிறான் என்று பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துணியைச் சேலத்திலோ இளம்பிள்ளையிலோ எடுங்கள். தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. அம்மாவின் பழைய காட்டன் சேலை இருந்தால் அதுவும் போதும். ஃபோட்டோவைத் தையல்காரரிடம் காட்டி, அளவு கொடுத்து, போட்டுப் பார்த்து, இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் காசு உங்கள் ஊரில் ஒரு தறிக்கும் ஒரு தையல் மிஷினுக்கும் போகட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். டீச்சர் என்று பயப்பட வேண்டாம்.