சாயம் போகாத கிருமி!

பெருந்துறை அருகே “சானடோரியம்” என்று ஓர் இடம் இருக்கிறது. முன்பு எலும்புருக்கி நோயாளிகளை அங்கேதான் தங்கவைத்தார்கள். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு இவையே அன்று வைத்தியம். இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது.

சானடோரியங்கள் மாறியது ஏன்? சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-ல் அது உலகத்துக்கே காட்டியது.

மருந்து இருந்தும் நோய் போகவில்லை. 2025-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு கெடு வைத்தது. கெடு முடிந்தது. இன்னும் உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர்தான்!

காரணங்கள் பல. அவற்றுள் பெரியது, கிருமியைக் கண்டுபிடிப்பதில் தாமதம்.

மெழுகுச் சட்டை

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24-ந் தேதி அறிவித்தார். அதன் உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற உறை உண்டு. சாயம் லேசில் ஏறாது. ஏறினால் லேசில் போகாது; திருப்பூர் கெட்டிச் சாயம் மாதிரி!

சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகள் வெளுத்துவிடும். இது வெளுக்காது. நீலச் சாயமும் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள் தெரியும்.

இதிலும் குறை உண்டு. கிருமி ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் கண்ணில் படும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் உறவுக் கிருமிகளும் சிவப்பாகவே தெரியும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியாது.

முட்டை கலந்த உணவில் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஆனால் முடிவு தெரியச் சில வாரங்கள் ஆகும். இப்போது மரபணுச் சோதனை வந்திருக்கிறது. இரண்டே மணி நேரம்! முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அது சொல்லிவிடும்.

வெட்கம் வேண்டாம்

மெஷின் இருந்து என்ன? சளி வந்து சேர வேண்டுமே! “வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், வெளியே தெரியக் கூடாது” என்று மறைக்கிறோம். மறைத்தால் அந்தப் பெண்ணுக்கே நோய் தொற்றும்!

இரண்டு வாரம் இருமலா? மாலையில் காய்ச்சலா? உடம்பு இளைக்கிறதா? அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்சில் வேண்டாம், ஆழ இருமிச் சளியைக் கொடுங்கள். சோதனை இலவசம். மருந்தும் இலவசம்.

அன்று நோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பினோம். இன்று சளியை அனுப்பினால் போதும்!